பழைய கணினியில் 300 மெகாபிட் இணைப்பு பயன்தருமா?

பத்தாண்டுக்கு முந்தைய வீட்டுக் கணினி நொடிக்கு 300 மெகாபிட் வேகத்தைத் தாங்குமா என்றால், பெரும்பாலும் தாங்கும். ஆனால் முழு வேகமும் கிடைப்பது அதிலுள்ள நெட்வொர்க் கார்டைப் பொறுத்தது. ஈதர்நெட் போர்ட் (நெட்வொர்க் கேபிளைச் செருகும் இடம்) 100 மெகாபிட் வகையாக இருந்தால், இணைப்பு எவ்வளவு வேகமானதாயினும் ஏறத்தாழ 95 மெகாபிட்டுக்கு மேல் வராது, 802.11ஜி என்னும் பழைய வகை வைஃபையோ ஏட்டில் 54 மெகாபிட் என்றிருந்தாலும், நடைமுறையில் அதில் பாதியை எட்டுவதே அரிது. கிகாபிட் (1000 மெகாபிட்) போர்ட்டுக்கு இந்தத் தடை இல்லை, கேபிளின் எட்டுக் கம்பிகளும் சரியாக இணைந்திருக்கும் வரை (ஒன்று விட்டுப்போனாலும் வேகம் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடக்கூடும்). யுஎஸ்பி 3.0 இருந்தால் வெளியில் ஒரு கிகாபிட் அடாப்டரைப் பொருத்திக்கொள்ளலாம். இருப்பினும், வலைப்பக்கங்கள் தாமதமாகத் திறப்பதற்குக் குறைந்த ரேமும் பழைய பிராசசருமே பெரும்பாலும் காரணம் என்பதால், வேகமான திட்டத்துக்கு மாறும் முன் ரேமைக் கூட்டிப் பார்ப்பதே என் பரிந்துரை.