பல் காப்பீடு: போட்ட பணம் தேறுமா?

கேள்வி: வயது 34. சொத்தைப் பல் எதுவும் இல்லை. ஆண்டுக்கு இரண்டு முறை ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையை நீக்கும் சுத்தம்) செய்துகொள்வதோடு சரி. பல் காப்பீடு கட்டாயம் எடுக்க வேண்டும் என்கிறார் நண்பர். எடுக்கலாமா?

பதில்: நண்பர் மருத்துவக் காப்பீட்டை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். அது என்றோ வரக்கூடிய பெருஞ்செலவுக்குக் காவல். பல் காப்பீட்டில் கதை தலைகீழ். சின்னச் செலவை முழுதாகத் தரும், பெரிய செலவு வந்தால் பாதியில் கையை விரிக்கும். ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு இருப்பதுதான் காரணம்.

கணக்குப் போட்டால் விளங்கும். புரிவதற்காக மட்டும், ஆண்டு பிரீமியம் 100 பங்கு, உச்சவரம்பு 300 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை, ஸ்கேலிங், எக்ஸ்ரே ஆகியவற்றுக்கு முழுத் தொகை. பல் அடைப்பு, ரூட் கெனால் (பல்லின் உள்ளே கெட்டுப்போன திசுவை எடுத்து அடைப்பது) ஆகியவற்றுக்கு 80 சதவீதம். கேப்புக்கு (பல்லின் மேல் மாட்டும் உறை) 50 சதவீதம். பல திட்டங்களின் அமைப்பு ஏறக்குறைய இப்படித்தான். (ரூட் கெனாலையும் 50 சதவீதப் பட்டியலில் தள்ளிவிடும் திட்டங்கள் உண்டு, பாருங்கள்.) ஆண்டின் சிகிச்சைச் செலவில் முதல் 15ஐ நீங்கள் கட்ட வேண்டும், ஸ்கேலிங், எக்ஸ்ரேவுக்கு இந்தப் பிடித்தம் இல்லை.

இரண்டு ஸ்கேலிங்கும் ஓர் எக்ஸ்ரேவும் காப்பீடு இல்லாமல் 65 ஆகும் என்றால், 100 கட்டி 65 வாங்குகிறீர்கள். கூடவே ஒரு பல்லை அடைக்க 40 ஆகிறது. 15 போக மீதி 25, அதில் 80 சதவீதம் 20. மொத்தம் 85. இப்போதும் நட்டம்தான். அடைப்புக்குப் பதில் ரூட் கெனாலுக்கு 150, கேப்புக்கு 200 செலவாகும் ஆண்டில்தான் நிலைமை மாறுகிறது. ரூட் கெனாலுக்கு 15 போக மீதியில் 108, கேப்புக்கு 100, ஸ்கேலிங், எக்ஸ்ரேவின் 65, ஆக 273 கிடைக்கும். ஆனால் அதே ஆண்டில் இன்னொரு பல்லும் இதே வேலையைக் கேட்டால்? சதவீதப்படி 220 வர வேண்டும். வரம்பில் மிச்சம் இருப்பது 27தான்.

ஆகவே பிரீமியத்தில் பெரும்பங்கை நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனம் கட்டினால் தயங்காமல் எடுங்கள். முழுதும் உங்கள் கைப்பணம் என்றால், அதே தொகையைத் தனியே சேர்த்து வைப்பது இப்போதைய உங்கள் வாய்க்குப் பொருந்தும். வாயில் பெரிய பழைய அடைப்புகள், வயதான கேப்புகள், ஈறில் ரத்தக்கசிவு, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது.

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனாலும் கேப்பும் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது பாலிசி எடுத்துச் செய்துகொள்ளலாமா?

பதில்: உங்களைப் போன்றவர்களை நினைத்துத்தான் காத்திருப்புக் காலம் வைத்திருக்கிறார்கள், அதாவது பாலிசி எடுத்த பிறகும் பணம் தராத காலம். அடைப்பு போன்றவற்றுக்கு 6 மாதம், கேப், பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடிமானமாக்கிக் கட்டும் செயற்கைப் பல்) போன்றவற்றுக்கு 12 மாதம் என்பது பரவலான ஏற்பாடு. பல்லின் உள்ளே தொற்று இருக்கும்போது 12 மாதம் காத்திருந்தால், காப்பாற்ற வேண்டிய பல்லையே பிடுங்க நேரலாம். அப்புறம் பிரிட்ஜோ இம்ப்ளான்டோ (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்), செலவு இன்னொரு மடங்கு. பாலிசிக்காகப் பல்லைக் காக்க வைக்காதீர்கள்.

ஏற்கெனவே பாலிசி உள்ளவர்களுக்கு ஒரு வழி உண்டு. பாலிசி ஆண்டு முடியும் தறுவாயில் ரூட் கெனால், புதிய ஆண்டு பிறந்ததும் கேப் என்று பிரித்தால் இரண்டு ஆண்டுகளின் வரம்பும் கைகொடுக்கும். இடைவெளி சில வாரங்களைத் தாண்டக் கூடாது. ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல் கேப் இல்லாமல் கடித்தால் பிளக்கும். தற்காலிக அடைப்பு கசிந்தால் கிருமி மறுபடி உள்ளே போகும். இன்னொன்று, கேப்புக்காகப் பல்லைச் செதுக்கிய நாளைச் சில திட்டங்கள் கணக்கில் எடுக்கும், கேப்பை ஒட்டிய நாளைச் சில எடுக்கும். இதை முன்னதாகவே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டாக்டரின் சிகிச்சைத் திட்டத்தையும் எக்ஸ்ரேவையும் அனுப்பி முன்மதிப்பீடு கேட்டால், எந்த வேலைக்கு எவ்வளவு தருவார்கள் என்று பதில் வரும்.

கேள்வி: பாலிசி எடுக்கும் முன்பே ஒரு பல் விழுந்துவிட்டது. அந்த இடத்தில் இம்ப்ளான்ட் வைக்கப் பணம் கிடைக்குமா?

பதில்: பெரும்பாலும் கிடைக்காது. முன்பே இல்லாத பல்லுக்கு மாற்றுப் பல் கிடையாது என்ற விதி பல பாலிசிகளில் இருக்கிறது. இம்ப்ளான்டையே அடியோடு விலக்கிய திட்டங்களும் உண்டு.

கேள்வி: பின்பல்லில் வெள்ளை அடைப்பு வைத்தேன். 80 சதவீதம் என்றவர்கள் பாதிகூடத் தரவில்லை. ஏமாற்றா?

பதில்: ஏமாற்று இல்லை, சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும் விதி. பின்பற்களுக்கு வெள்ளி நிற அமால்கம் (உலோகக் கலவை அடைப்பு) போதும் என்று வைத்து, அதன் கட்டணத்துக்குத்தான் 80 சதவீதம் கணக்கிடுவார்கள். வித்தியாசம் உங்கள் தலையில். காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத மருத்துவரிடம் போயிருந்தாலும் இப்படி ஆகும். அவர் கேட்ட கட்டணத்துக்கு அல்ல, நிறுவனம் நியாயம் என்று நினைக்கும் கட்டணத்துக்குத்தான் சதவீதம் போடுவார்கள்.

ஸ்கேலிங்கிலும் இதே மாதிரி ஒரு பொறி. "ஆண்டுக்கு 2 முறை" என்பது வேறு, "6 மாதத்துக்கு ஒருமுறை" என்பது வேறு. இரண்டாவது வகையில் ஒருநாள் முந்திப் போனாலும் கிளெய்ம் திரும்பிவிடும்.

கேள்வி: மகளுக்குக் கிளிப் போட வேண்டும். இதற்காக மட்டும் பாலிசி எடுக்கலாமா?

பதில்: அதற்கான வரம்பு ஆண்டுக்கு அல்ல, பொதுவாக ஆயுளுக்கு ஒன்று. வயது வரம்பும், நீண்ட காத்திருப்பும் இருக்கலாம். மொத்த பிரீமியத்தை, சிகிச்சை நடக்கும் ஆண்டுகளோடு காத்திருப்புக் காலத்துக்கும் சேர்த்துக் கூட்டி, அந்த ஆயுள் வரம்போடு ஒப்பிடுங்கள். பிரீமியம் நெருங்கி வந்தால் விட்டுவிட்டு, கட்டணத்தைத் தவணையில் செலுத்த முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். கிளிப் மாட்டிய பிறகு பாலிசி எடுத்தால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது.