காற்றைப் பற்றிய ஆங்கிலப் பாடல்களில் எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

மாலையில் மொட்டைமாடியில் காற்று வாங்கிக்கொண்டே கேட்பதற்குக் காற்றைப் பற்றிய ஆங்கிலப் பாடல்கள் வேண்டும், ஆனால் ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது என்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். "அர்த்தம் தெரியாமல் எதற்குக் கேட்கிறாய்?" என்று யாரோ உங்களைக் கேட்டிருக்க வேண்டும். என்னை அலுவலக பஸ்ஸில் ஒருவர் கேட்டார், அதுவும் நாலு பேர் முன்னால். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது.

இதமான காற்றுதான் வேண்டுமென்றால் சீல்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் இருவரும் 1972-இல் பாடிய 'சம்மர் ப்ரீஸ்' கேளுங்கள். நாள் முழுக்க உழைத்துவிட்டு வீடு திரும்புகிறவனின் பாட்டு. அதில் மல்லிகைகூடப் பூத்திருக்கும். அடுத்து ஃபிராங்க் சினாட்ராவின் 'சம்மர் விண்ட்', 1966. அதில் காற்று இதமாகத்தான் வரும், காதல்தான் நிலைக்காது.

இவற்றைத் தாண்டினால் ஆங்கிலக் காற்றுப் பாட்டுகளில் இதம் குறைவு. நமக்குத் தென்றல் என்றால் ஒரு மனநிலை, வாடை என்றால் வேறு. அவர்களுடைய பாட்டுகளில் பெரும்பாலும் 'விண்ட்' என்ற ஒரே சொல் எல்லாவற்றையும் சுமக்கிறது. பாப் டிலன் 1962-இல் எழுதிய 'ப்ளோயிங் இன் த விண்ட்' முழுவதும் கேள்விகள்தான். அமெரிக்கக் கறுப்பின மக்கள் அடிமை ஏலத்தை எதிர்த்துப் பாடிய பழைய பாட்டு ஒன்றிலிருந்து அதன் மெட்டு வந்தது. 1963 ஆகஸ்ட் 28 அன்று கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணியில் பீட்டர், பால் அண்ட் மேரி குழு அதைப் பாடியது. ஜெர்மனியின் ஸ்கார்ப்பியன்ஸ் குழு பாடிய 'விண்ட் ஆஃப் சேஞ்ச்' பெர்லின் சுவர் விழுந்ததைப் பற்றியது என்று பலர் சொல்வார்கள். ஆனால் சுவர் விழுவதற்கு மூன்று மாதம் முன்பு, 1989 ஆகஸ்டில், மாஸ்கோவில் வாசிக்கப் போனபோது கண்டதிலிருந்து பிறந்த பாட்டு அது. தொடக்கத்தில் வரும் சீழ்க்கைக்கு எந்த அகராதியும் வேண்டாம்.

எனக்கு நெருக்கமானது கான்சஸ் என்ற அமெரிக்கக் குழுவின் 'டஸ்ட் இன் த விண்ட்'. காற்றில் தூசு என்று பொருள். 1977-இல் ஆல்பத்தில் வந்தது. அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் கெர்ரி லிவ்கிரன் இதைப் பாட்டாக எழுதத் தொடங்கவே இல்லை. கிட்டாரில் விரல்களால் மீட்டிப் பழக ஒரு பயிற்சியாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட அவர் மனைவி, நன்றாக இருக்கிறதே, இதற்கு வரிகள் எழுதலாமே என்றார்.

இதை வாசிக்க வேண்டும் என்றுதான் முப்பத்து நான்கு வயதில் கிட்டார் வகுப்பில் சேர்ந்தேன். இரண்டு வருடம். கிரேடு தேர்வுக்குப் பணம், சான்றிதழுக்குப் பணம், தேர்வுப் புத்தகத்துக்குத் தனியாகப் பணம். பாடத்திட்டத்தில் இல்லாததால் இந்தப் பாட்டைச் சொல்லித்தர மறுத்துவிட்டார்கள். ஆசையோடு வருகிற பெரியவர்களையும் குழந்தைகளையும் தேர்வுக்குத் தயார்செய்து மட்டும் அனுப்புகிறார்கள். ஒரு பாட்டை உட்கார்ந்து முழுதாகக் கேட்கவைத்த நாள் ஒன்றுகூட இல்லை. எல்லா ஆசிரியர்களையும் சொல்லவில்லை. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

பிறகு வீட்டிலேயே காதால் கேட்டுக் கற்றேன். தொடக்கத்தில் இடது கையின் மற்ற விரல்கள் அப்படியே நிற்கும். இரண்டாம் கம்பியில் மட்டும்தான் மாற்றம். முதல் ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தில் உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டம்) ஆள்காட்டி விரல், அதை எடுத்தால் வெறும் கம்பி, பிறகு மூன்றாம் ஃபிரெட்டில் சுண்டுவிரல். வலது கைக் கட்டைவிரல் கீழ்ஸ்தாயிக் கம்பிகளை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருக்கும். அசைவது ஒரே ஒரு சுரம், அதிலேயே காற்று வந்துவிடுகிறது. இது பிடிபட எனக்கு நான்கு மாதம் ஆனது.

ஒரு நாள் இரவு மின்சாரம் போனதும் கூடத்தில் உட்கார்ந்து வாசித்தேன். வார்த்தை எதுவும் பாடவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத் தெரியாது. விசிறியை நிறுத்திவிட்டு, "என்னப்பா இது, யாரையாவது பறிகொடுத்தவன் போட்ட பாட்டா?" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. எதுவும் நிலைக்காது என்பதுதான் அந்தப் பாட்டின் பொருளே. பஸ்ஸில் கேட்டவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அம்மாவிடம் இருந்தது.

வரிகளே முக்கியமில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டிலனை வரிகள் இல்லாமல் பாதிதான் கேட்க முடியும். தமிழில் காற்றுப் பாட்டு இல்லையா என்று கேட்கப்போகிறவர்களுக்கு: ஏராளமாக இருக்கிறது, நானும் கேட்கிறேன். இங்கே கேட்கப்பட்டது ஆங்கிலப் பாட்டு.

நீங்கள் 'சம்மர் ப்ரீஸ்' பாட்டில் தொடங்குங்கள். 'டஸ்ட் இன் த விண்ட்' பாட்டை இருட்டிய பிறகு கேளுங்கள், நடுவில் வயலின் வரும்வரை நிறுத்தாதீர்கள். இப்போதும் மின்சாரம் போனால் அம்மா அதைத்தான் வாசிக்கச் சொல்கிறார். மூன்றாம் ஃபிரெட்டில் என் சுண்டுவிரல் சரியாகப் பதியாவிட்டால், இருட்டிலும் அவர் விசிறி ஒரு கணம் நிற்கும்.