ஆறாம் வகுப்பில் பள்ளி மாற்றினால் 7.5 சதவீத ஒதுக்கீடு என்னவாகும்?

கேள்வி: என் மகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். பத்தாவது வரை தனியாரில் படிக்கவைத்து, பிளஸ் 1-க்கு அரசுப் பள்ளியில் சேர்த்தாலே, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும் என்கிறார் உறவினர். உண்மையா?

பதில்: கிடைக்காது. அதை நம்பிப் பள்ளியை மாற்றிவிடாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு ஆண்டுகளும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியாரில் எட்டு வரை படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. அந்தச் சேர்க்கை எல்.கே.ஜி., ஒன்றாம் வகுப்பு அளவில்தான் நடக்கும் என்பதால் உங்கள் மகளுக்கு அந்த வழியும் இல்லை.

இந்த ஒதுக்கீட்டை விட்டுக்கொடுப்பது சிறிய விஷயமல்ல. நீட் வந்தபின், இந்த ஒதுக்கீடு வரும்வரை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2020-ல் சட்டம் வந்த முதல் ஆண்டே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். சேர்த்து 400 இடங்களுக்கு மேல் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. நீட்டில் தேற வேண்டும் என்பது மாறவில்லை. ஆனால் அந்த இடங்களுக்கு அரசுப் பள்ளி மாணவர்கள் தங்களுக்குள்தான் போட்டியிடுகிறார்கள். 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் ஒதுக்கீடு வந்தது. இதில் சேர்பவர்களின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. கலைக் கல்லூரிக்கே போனாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். அதற்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு.

இவை எதற்கும் வருமான வரம்பு இல்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். வருமானச் சான்றிதழில் தொகையைக் குறைத்துக் காட்டிவிடலாம். ஏழாண்டுப் பள்ளிப் பதிவேட்டை அப்படி மாற்றுவது கடினம்.

ஆங்கில வழிதான் உங்கள் கவலை என்றால், பல அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறது. அதில் படித்தாலும் ஒதுக்கீடு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி என்றால் கவனம்: அங்கே தமிழ் வழியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண் தொகை 2024 இறுதியிலிருந்து வழங்கப்படுகிறது, 7.5 சதவீதம் கிடையாது.

சேர்க்கும் முன் அந்தப் பள்ளியில் கணித, அறிவியல் ஆசிரியர் பணியிடங்கள் காலியாக இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். இடையில் வேறு அரசுப் பள்ளிக்கு மாறினால், மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை படித்தாள் என்ற சான்றையும் தலைமை ஆசிரியரிடம் வாங்கிவிடுங்கள். பள்ளிப் பதிவேட்டிலும் ஆதாரிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கட்டும். கலந்தாய்வு நேரத்தில் திருத்த அலைவது பெரும்பாடு.