சீனிக்குப் பதிலா? கேளுங்கள்

நான் உணவு ஆலோசகர். அதற்கு முன்பே அக்கானி (பதநீர்) காய்ச்சும் வீட்டுப் பெண். மருந்தைக் கூட்டுவது, குறைப்பது பற்றி மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம். அது உங்கள் டாக்டரின் வேலை.

தக்கலை: அப்பாவுக்குச் சுகர். சீனியை நிறுத்திக் கருப்பட்டிக் காப்பி கொடுக்கிறோம். சரிதானே அக்கா?

சரியில்லை. சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான் கருப்பட்டியிலும் பெரும்பகுதி. இரும்பு, பொட்டாசியம் கொஞ்சம் உண்டு. ஒரு காப்பியில் போடும் துண்டில் அது கணக்கில் வராது. சர்க்கரை தினசரிக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும், முடிந்தால் 5 என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. 5 என்றால் சுமார் 25 கிராம், ஆறு டீஸ்பூன். தேன், கருப்பட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். ‘நல்லதுதானே’ என்று அப்பா இரண்டு காப்பியை நாலாக்கியிருக்கிறாரா என்று பாருங்கள். எனக்கு அதுதான் பயம்.

குலசேகரம்: தேன் உறைந்துவிட்டது, கலப்படமா? ரப்பர் தேன் அசல் இல்லை என்கிறார்களே?

குளுக்கோஸ் கூடுதலாக இருந்தால் நல்ல தேனும் உறையும். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வையுங்கள், இளகிவிடும். ரப்பர் தேனும் அசல்தான். இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும் நாட்களில் ரப்பரின் இலைக்காம்பு நுனியிலேயே தேன் சுரக்கும், பூ வேண்டியதில்லை. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது, பிறந்த பிள்ளையின் நாவில் தொட்டு வைக்கும் சேனைக்கும்தான். அதில் இருக்கக்கூடிய நுண்கிருமி வித்துகளைச் சமாளிக்கப் பிஞ்சுக் குடலுக்குத் தெம்பு கிடையாது.

நாகர்கோவில்: சுகர்காரர் தேன் சாப்பிடலாமா?

தக்கலைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கருங்கல்: சுண்ணாம்பு கெமிக்கல்தானே? சுண்ணாம்பு போடாத இயற்கைக் கருப்பட்டி எங்கே கிடைக்கும்?

கிடைப்பது கஷ்டம் மக்கா. பனையில் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் விடிவதற்குள் அக்கானி புளித்து...

குளச்சல் அண்ணாச்சி (குறுக்கே): கள்ளாகிவிடும்!

கருங்கல்: எங்கள் பாட்டா சுண்ணாம்பே இல்லாமல் தினமும் குடித்தவர்.

குளச்சல் அண்ணாச்சி: அவர் குடித்தது எது என்று உன் பாட்டியிடம் கேள்.

சரி, நான் முடித்துவிடுகிறேன். புளித்தால் சர்க்கரை சாராயமாக மாறிவிடும், எவ்வளவு காய்ச்சினாலும் கட்டி பிடிக்காது. அம்மா காய்ச்சும்போது பாகு பொங்கி வந்தால் கொட்டமுத்தை (ஆமணக்கு விதை) நசுக்கிப் போடுவாள், நுரை அடங்கிவிடும். பிறகு ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பாள். உருண்டால் பதம், உடனே தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்ற வேண்டும். பத்து லிட்டர் அக்கானிக்கு ஒன்றரைக் கிலோ கிடைத்தால் பெரிய விஷயம். பனையேறிக் கூலி, விறகு, இத்தனைக்கும் பிறகு சீனி விலையை ஒட்டி ஒருவர் கருப்பட்டி விற்றால் அதில் என்ன இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். கரைத்துப் பார், உடைத்துப் பார் என்கிற வீட்டுச் சோதனைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கருங்கல்: இருந்தாலும் சுண்ணாம்பு...

வெற்றிலைக்குப் போடுகிறோமே தம்பி. அக்கானியை வடிகட்டித்தான் காய்ச்சுவார்கள்.

கொல்லங்கோடு: கருப்பட்டி போட்டால் பால் திரிகிறது.

கருப்பட்டியில் உள்ள லேசான அமிலம் கொதிக்கும் பாலைத் திரித்துவிடும். தனியாகக் கரைத்து வடிகட்டி, அடுப்பிலிருந்து இறக்கிய பாலில் ஊற்றுங்கள். மண்ணும் தூசியும் அடியில் நின்றுவிடும்.

இரணியல்: சீனித்துளசி (ஸ்டீவியா)?

கலோரி இல்லை, கடைசியில் லேசான கசப்பு. எடை குறைக்க இந்த வகை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023-ல் அதே உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

திங்கள்சந்தை: இரண்டு வயது மகள் கஞ்சியில் சீனி கேட்டு அழுகிறாள்.

இரண்டு மட்டி வாழைப்பழத்தை மசித்துச் சேருங்கள். தோலில் கரும்புள்ளி விழுந்த பழமாகப் பாருங்கள், அதில்தான் இனிப்பு. நார்ச்சத்தும் உண்டு. முதல் இரண்டு நாள் அழுவாள், அழட்டும்.

பூதப்பாண்டி: கருப்பட்டி சாப்பிட்டால் சுகர் ஏறுமா?

ஏறும். தக்கலை, தக்கலை! அண்ணாச்சி, கருங்கல் தம்பியை இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு அடுப்பில் சோறு கிடக்கிறது.