துப்புகிற பிள்ளையும் மாறிப்போகிற பாட்டிலும்

கேள்வி: என் மகனுக்கு இரண்டே கால் வயது, எடை 11 கிலோ. காய்ச்சலும் காது வலியும் என்று காட்டினோம். டாக்டர் பாராசிட்டமால் சிரப்பும், தண்ணீர் ஊற்றிக் கலக்குகிற ஆன்டிபயாடிக் மருந்தும் (அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்தது) ஐந்து நாளைக்கு எழுதினார். வாயில் வைத்ததும் துப்புகிறான். மாமியார் மடியில் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்துப் பாலாடையில் ஊற்றுகிறார். அப்படியும் பாதி வாந்தியாகப் போகிறது. பால் பாட்டிலில் கலந்து கொடுக்கலாமா? மெடிக்கலில் கேட்டால், "ஸ்ட்ராங்கான மருந்து இருக்கு, கொஞ்சமா கொடுத்தா போதும்" என்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு தாய், கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: முதலில் அந்த மூக்கை விடச் சொல்லுங்கள். மாமியாரைக் குறை சொல்லவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் மருந்து குடித்தார்கள், நான் உட்பட. ஆனால் மூக்கை அடைத்தால் பிள்ளை வாயால்தான் மூச்சை இழுப்பான், அதுவும் அழுகிற பிள்ளை ஆழமாக இழுப்பான். தொண்டையில் நிற்கிற மருந்து அப்போது வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். மல்லாக்கப் படுத்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். தூங்குகிற பிள்ளையின் வாயில் ஊற்றுவதும் இதே கதைதான்.

பாலாடையைக் கழுவிப் பரணில் வையுங்கள். மெடிக்கலில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்குங்கள், சில ரூபாய்தான். ஊசியோடு தந்தால் அதைக் கடையிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பிள்ளையை உங்கள் மடியில் நிமிர்ந்து உட்காரவைத்து, அவன் முதுகை உங்கள் நெஞ்சோடு சாய்த்துக்கொள்ளுங்கள். சிரிஞ்சின் முனை நாக்கின் நடுவில் போகக் கூடாது. அங்கே விட்டால் கசப்பும் தெரியும், துப்பவும் சுலபம். கடைவாய்க்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்கிற பையில் முனையை வைத்து, அரை மில்லி அரை மில்லியாக விடுங்கள். அவன் விழுங்கிய பிறகு அடுத்தது. முதல் நாளே வெறும் தண்ணீர் நிரப்பி அவன் கையில் கொடுத்து விளையாட விட்டால் பாதிப் பயம் போய்விடும். "எந்தக் கன்னத்தில விடட்டும் மக்களே?" என்று கேளுங்கள். இந்த வயதில் வேண்டாம் என்று சொல்வதுதான் அவர்களுடைய முழுநேர வேலை, இப்படிக் கேட்டால் அதற்கு இடம் இல்லை. மிட்டாய் என்று பொய் சொல்லாதீர்கள். "குடிக்கலைன்னா டாக்டர் ஊசி போடுவாரு" என்று மிரட்டவும் வேண்டாம். அப்புறம் என் அறை வாசலிலேயே அவன் அலற ஆரம்பித்தால் நான் காதைப் பார்ப்பது எப்படி?

இன்னொன்று, இரண்டு மருந்துக்கும் ஒரே அளவு சண்டை தேவையில்லை. பாராசிட்டமால் காய்ச்சலின் காரணத்தைத் தீர்ப்பதில்லை, சூட்டையும் உடம்பு வலியையும் அசதியையும் கொஞ்ச நேரத்துக்குக் குறைக்கும், அவ்வளவுதான். தெர்மாமீட்டரில் 101 காட்டினாலும் பிள்ளை ஓடி விளையாடி, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் அந்த வேளையை விட்டுவிடலாம். தூங்குகிறவனை எழுப்பியும் கொடுக்க வேண்டாம். காது வலியில் அழுதால் கொடுங்கள். உங்கள் பலத்தை ஆன்டிபயாடிக்குக்கு மிச்சம் வையுங்கள், அதை வேளை தவறாமல், சொன்ன நாள் வரைக்கும் கொடுக்க வேண்டும்.

அந்தப் பொடியில் கொதித்து ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் போட்டிருக்கிற கோடு வரைக்கும் ஊற்ற வேண்டும். முதலில் கொஞ்சம் ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் மீதியை ஊற்றிக் கோட்டைச் சரிபாருங்கள். பிறகு ஃபிரிஜ்ஜில் வைத்து, ஒவ்வொரு தடவையும் குலுக்கி எடுங்கள். குளிர்ந்திருந்தால் கசப்பும் கொஞ்சம் குறைவாகத் தெரியும். சாப்பாடு தொடங்கும்போது கொடுத்தால் வயிற்றைப் புரட்டுவது குறையும்.

பால் பாட்டிலில் கலக்காதீர்கள். பாதி குடித்துவிட்டுத் தள்ளினால் மருந்து எவ்வளவு உள்ளே போனது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாளைக்குப் பாலையே வேண்டாம் என்பான், அது வேறு தலைவலி. கலந்துதான் ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு ஸ்பூன், அதுவும் கொடுக்கப் போகிற நேரத்தில். நம் ஊரில் மட்டி வாழைப்பழம் இருக்க வேறு என்ன வேண்டும்? நன்றாகப் பழுத்ததை மசித்து அதில் கலந்து கொடுங்கள். அல்லது முன்னால் ஒரு வாய் பழம், பிறகு மருந்து, பின்னால் ஒரு வாய் பழம்.

தேன் கலக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டம் பக்கத்தில் இருந்துகொண்டு கேட்காமல் இருக்க முடியாது. உங்கள் பையனுக்குக் கலக்கலாம். ஆனால் ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. உங்களுக்குப் பொருந்தாது என்று தெரிந்தும் சொல்கிறேன், ஏனென்றால் மடியில் இன்னொரு பிள்ளையோடு இதைப் படிக்கிறவர்கள் இருப்பார்கள். தேனில் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் விதை இருக்கலாம். நம் குடல் அதை அடக்கிவிடும், கைக்குழந்தையின் குடல் அடக்காது. அது உள்ளே முளைத்து விஷத்தை உண்டாக்கும். பிள்ளை பால் குடிக்கத் தெம்பில்லாமல் துவண்டு, மூச்சுக்கூட விட முடியாமல் போகலாம். "வீட்டுத் தேன்பெட்டியில எடுத்தது டாக்டர், கலப்படம் இல்ல" என்பார்கள். சுத்தமான தேனிலும் அந்த விதை இருக்கலாம். காய்ச்சிக் கொடுத்தால்? அடுப்பில் கொதிக்கவைத்தாலும் அது சாகாது. நாக்கில் தொட்டு வைப்பது, வசம்போடு இழைப்பது, எதுவும் வேண்டாம்.

வாந்தி விஷயம்: கொடுத்து கால் மணி நேரத்துக்குள் மருந்து அப்படியே வெளியே வந்தால், அவன் கொஞ்சம் ஆசுவாசமான பிறகு ஒரு தடவை திரும்பக் கொடுக்கலாம். அரை மணி தாண்டிவிட்டால் அடுத்த வேளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி அந்த "ஸ்ட்ராங்கான மருந்து". உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது மூக்கைப் பிடித்தது அல்ல, இதுதான்.

பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கு. 11 கிலோவுக்குச் சுமார் 165 மில்லிகிராம். 5 மில்லியில் 125 மில்லிகிராம் இருக்கிற சிரப் என்றால் ஆறரை மில்லி வரும். 5 மில்லியில் 250 இருக்கிற சிரப் என்றால் அதில் பாதி, மூன்றேகால் மில்லி. சொட்டு மருந்தாக வருகிற சின்னப் பாட்டிலிலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கிறது, அதில் ஒன்றரை மில்லிக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்தால் போதும். எல்லாம் ஒரே மருந்து. அட்டையில் ஏறக்குறைய ஒரே பெயர், ஒரே மாதிரிப் படம். வித்தியாசத்தைச் சொல்கிற எண் மட்டும் எறும்பு அளவு ஆங்கில எழுத்தில். தாய்மார்கள் படிக்க வேண்டும் என்று நினைத்து இதை அச்சடித்தவர்கள் போலத் தெரியவில்லை.

இப்போது பாட்டில் மாறி, அளவு மாறாமல் போனால் என்ன ஆகும்? சொட்டு மருந்தில் ஆறரை மில்லி என்றால் 650 மில்லிகிராம், பெரியவர்கள் போடுகிற முழு மாத்திரை. அதை ஒரு நாளைக்கு நான்கு தடவை உங்கள் 11 கிலோப் பிள்ளைக்குக் கொடுத்தால் ஈரல் கெடும். குறைந்த மில்லியில் கொடுத்தால் துப்புவது குறையும் என்ற யோசனை நல்லதுதான், நானே அப்படி எழுதிக் கொடுப்பதுண்டு. ஆனால் எந்தப் பாட்டில், எத்தனை மில்லி என்று எழுதித்தர வேண்டியவர் டாக்டர். கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற பையன் அல்ல. அவன் பார்மசி படித்தவனா என்றுகூட நமக்குத் தெரியாது. "அதே மருந்துதான், கம்பெனிதான் வேற" என்றால், பாட்டிலில் உள்ள எண்ணைச் சீட்டில் உள்ள எண்ணோடு வைத்துப் பாருங்கள். சீட்டில் எண்ணே இல்லையா? அது எங்கள் தப்பு. ஓ.பி.யில் ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம், அதில் "சிரப் 5 மில்லி" என்று கிறுக்கித் தள்ளுகிறோம். சில அரசு மருத்துவமனைகளில் சிரப் தீர்ந்துபோனால் மாத்திரையைக் கால் கால் என்று உடைத்துப் பேப்பரில் மடித்துத் தருகிறார்கள். பிறகு, பிள்ளை துப்புகிறதாம்!

இருமலுக்கு என்று கூடவே ஒரு பாட்டிலை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருந்தது தெரியவந்தது. மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதன் பிறகு மத்திய அரசு, இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது. விஷம் இல்லாத இருமல் மருந்தாலும் இந்த வயதில் பெரிய பலன் கிடையாது. "ஒரு ஊசி போட்டா மருந்தே குடிக்க வேண்டாம்" என்று கூட்டிப்போகிறவர்களிடமும் போகாதீர்கள். என்ன ஊசி என்று கேட்டுப் பாருங்கள், பெயர் வராது.

பிள்ளை பால், தண்ணீர் எதையும் தொடவில்லை, ஏழெட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, துவண்டு கிடக்கிறான், மூச்சு வாங்குகிறது, கொடுத்ததெல்லாம் வாந்தியாகிறது என்றால் சிரிஞ்சோடு போராடிக்கொண்டிருக்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பக்கத்து மருத்துவமனையோ, உடனே கிளம்புங்கள். போகும்போது பாட்டில்களை எடுத்துக்கொண்டு போங்கள், "சிவப்பு மருந்து" என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது.

கலக்கிய ஆன்டிபயாடிக்கில் மிச்சம் இருந்தால் ஏழாம் நாள் கொட்டிவிடுங்கள். அடுத்த காய்ச்சலுக்கு ஆகும் என்று ஃபிரிஜ் கதவில் வைக்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கொடுத்துவிடாதீர்கள்.