ஆபரேஷன் முடிந்தது, இனி இலையில் என்ன?
வாசகர் கேள்வி – பதில்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிய கேள்விகளைப் போன இதழில் கேட்டிருந்தோம். செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆபரேஷனுக்குப் பிந்தைய அடுப்படியைப் பற்றியே கேட்கின்றன. இந்தத் துறையின் அறுவை மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

*ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. எங்க ஆத்தா தெம்புக்கு என்று தினமும் ஆட்டுக்கால் சூப் வைத்துத் தருகிறார்கள். இடியாப்பம் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நெஞ்சுக்குள் கல்லை வைத்தது போல் அடைக்கிறது. தையலில் ஏதும் கோளாறா?*
– வாசகி, காரைக்குடி

தண்ணீரும் மோரும் தடையில்லாமல் இறங்கினால் தையலைப் பற்றிக் கவலை வேண்டாம். அடைப்பது இடியாப்பம்தான். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது வாழைக்காய் வடிவில் ஒரு குழாய். 100 முதல் 150 மி.லி. வரைதான் கொள்ளும். அதன் உள்வீக்கம் வடிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இடியாப்பம், சப்பாத்தி, பிரெட், குழைந்த சோறு எல்லாம் எச்சிலோடு சேர்ந்து பசை உருண்டையாகி அந்தக் குழாயின் வாயில் உட்கார்ந்துகொள்ளும். எட்டு வாரம் முடியும்வரை இவற்றைத் தள்ளி வையுங்கள். தண்ணீரே இறங்காமல் திரும்பி வந்தால் மட்டும் அன்றைக்கே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போய்விடுங்கள்.

சூப் விஷயத்தில் ஆத்தாவின் மனம் நோகாமல் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆட்டுக்காலிலிருந்து இறங்குவது பெரும்பாலும் ஜெலட்டினும் கொழுப்பும். ஜெலட்டின் முழுமையான புரதம் இல்லை. டிரிப்டோஃபேன் என்ற அவசியமான அமினோ அமிலம் அதில் கிடையாது. உங்களுக்கு இப்போது நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். அது இல்லாவிட்டால் கொழுப்போடு சதையும் கரையும். உள்ளே இருக்கிற சின்ன இடத்தைச் சூப்பால் நிரப்பினால் புரதத்துக்கு இடமில்லாமல் போகும்.

காலை ஏழு மணிக்கு 200 மி.லி. பாலில் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் இரண்டு மேஜைக்கரண்டி கரைத்துச் சிறு மடக்குகளாகக் குடியுங்கள்; இதில் 12 கிராம் புரதம் வரும். ஒன்பதரைக்கு வேகவைத்து மசித்த முட்டை ஒன்று, 6 கிராம். மதியம் முள் நீக்கிய மீன் 55 கிராம் அளவு, 11 கிராம். நான்கு மணிக்கு அதே பால், 12 கிராம். ஆறு மணிக்கு உதிர்த்த பனீர் 40 கிராம், 7 கிராம். இரவு கெட்டியாக வேகவைத்து மசித்த பாசிப்பருப்பு சிறு கிண்ணம், 6 அல்லது 7 கிராம். கூட்டினால் 54, 55 வரும். மீதிக்கு மருத்துவர் எழுதித் தந்த புரதப் பொடி.

மீன் குழம்பை உங்களுக்கென்று தனியாக வைக்க வேண்டாம். மேலே மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் ஒதுக்கி, துண்டை மட்டும் எடுத்து வெந்நீரில் ஒருமுறை அலசி, விரலால் உதிர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். மிளகும் சீரகமும் இப்போதே கொஞ்சம் சேரலாம். வற்றல் மிளகாய்க் காரம் இரண்டு மாதம் கழித்து. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு வாய், இருபது மெல்லல், கரண்டியைக் கீழே வைப்பது. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. முடித்து அரைமணி நேரம் கழித்துத்தான் தண்ணீர், அதுவும் மிடறு மிடறாக. நாள் முழுவதும் இப்படியே ஒன்றரை லிட்டர் சேர வேண்டும்.

*என் தம்பிக்கு எடை குறைய இரைப்பை பைபாஸ் முறையில் ஆபரேஷன் ஆகி ஏழு வாரம். பத்து நாளாக எது கொடுத்தாலும் வாந்தி. கால் மரத்துப்போகிறது என்கிறான். நடக்கும்போது தள்ளாடுகிறான். பக்கத்துக் கிளினிக்கில் தெம்புக்குக் குளுக்கோஸ் ஏற்றலாம் என்கிறார்கள்.*
– வாசகர், புதுவயல்

இந்தக் கடிதம் வந்த அன்றே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறோம். குளுக்கோஸ் மட்டும் ஏற்றவே கூடாது.

வைட்டமின் பி1, அதாவது தயமின், உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் கையிருப்பு இருக்கும். தொடர் வாந்தியில் அது வற்றிவிடும். குளுக்கோஸை எரிக்க உடம்புக்குத் தயமின் தேவை. வற்றிப்போன உடம்பில் வெறும் குளுக்கோஸ் இறங்கினால் மிச்சம் மீதி தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படும். பார்வை இரட்டையாகத் தெரியும், விழி தானாக ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். நாள் கடந்தால் நினைவாற்றல் திரும்பாமலே போகலாம். முதலில் நரம்பு வழியாகத் தயமின் ஊசி, அதன் பிறகே குளுக்கோஸ். எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் “இவருக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, முதலில் பி1 போடுங்கள்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆபரேஷன் விவரச் சீட்டின் நகல் ஒன்று நோயாளியின் பர்ஸில் எப்போதும் இருக்கட்டும். வாந்தி நின்ற பிறகு, அது ஏன் வந்தது என்று எண்டோஸ்கோப்பி வைத்துப் பார்க்க வேண்டும். இரைப்பையும் குடலும் சேரும் இணைப்பு சுருங்கியிருந்தால் பலூன் வைத்து விரித்துவிடலாம்.

*ஆபரேஷன் ஆகி மூன்றரை மாதம். தலை சீவினால் சீப்பு நிறைய முடி. மொட்டையாகிவிடுவேனா?*
– வாசகி, தேவகோட்டை

ஆக மாட்டீர்கள். திடீர் எடை இழப்பில் நிறைய முடிவேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், மூன்றாவது மாதம் முதல் ஆறாவது மாதம் வரை கொட்டும். ஒன்பதாம் மாதத்துக்கு மேல் பொடிமுடி முளைக்கும். பயோட்டின் மாத்திரை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புக் கையிருப்பின் அளவு), துத்தநாகம் இரண்டையும் பரிசோதித்து, புரதத்தைச் சரிபாருங்கள். ஆறு மாதம் தாண்டியும் கொட்டினால் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

*பைபாஸ் செய்து எட்டு மாதம். உறவுக் கல்யாணத்தில் பால் பணியாரம் ஒரு கிண்ணமும் கந்தரப்பம் ஒன்றும் சாப்பிட்டேன். கால்மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, வயிற்றுப்போக்கு. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கை நடுக்கம், கண் இருட்டல். இரண்டும் ஒன்றா?*
– வாசகர், பள்ளத்தூர்

இரண்டும் வேறு வேறு. முதலில் வந்தது சாப்பிட்ட உடனே வரும் டம்பிங், அதாவது உணவு மொத்தமாகக் குடலில் கொட்டுவது. பைபாஸில் இரைப்பையின் மேல்முனையில் 30 மி.லி. அளவுக்கு ஒரு பை அமைத்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள். சர்க்கரை கரைந்த பாலைத் தேக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வாசலில் யாரும் இல்லை. அது மொத்தமாகக் குடலில் விழுகிறது. குடல் தன்னைச் சுற்றியுள்ள இரத்தத்திலிருந்து நீரை இழுக்கிறது. படபடப்பும் போக்கும் அதனால்தான். சாய்ந்து படுத்தால் அரைமணியில் தணியும்.

இரண்டாவது, சர்க்கரை வேகமாக ஏறியதற்குக் கணையம் அளவுக்கு மிஞ்சி இன்சுலின் சுரந்ததன் விளைவு. ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை தாழ்ந்துவிடும். குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழ் காட்டினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். ஏறியதும் ஒரு முட்டையோ கைப்பிடி வேர்க்கடலையோ சாப்பிடுங்கள். சர்க்கரையோடு நிறுத்திவிட்டால் மறுபடி ஏறி மறுபடி இறங்கும். அந்த நேரத்தில் வண்டி ஓட்டக் கூடாது.

கல்யாணப் பந்தியில் இலையின் ஓரத்தில் இனிப்புதான் முதலில் விழும். அதைத் தொடாமல் கோழி வறுவலோ சுண்டலோ வரும்வரை காத்திருங்கள். அது உள்ளே போன பிறகு கந்தரப்பத்தில் கால் பங்கு பிட்டுச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. பால் பணியாரத்தைத் தவிர்த்தே ஆக வேண்டும்; இனிப்பு திரவமாக இருப்பதுதான் அதில் உள்ள ஆபத்து.

*ஒன்றரை வருடத்தில் 34 கிலோ குறைந்தது. உடம்பு நன்றாக இருக்கிறது. மாத்திரைகளை நிறுத்திவிடலாமா? வீட்டில் “இவ்வளவு மாத்திரை எதுக்கு” என்கிறார்கள்.*
– வாசகி, கோட்டையூர்

நிறுத்தவே வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள் என்போம். நன்றாக இருக்கும்போது நிறுத்தப்படும் மாத்திரைதான் பின்னாளில் ஆளைச் சாய்க்கிறது. பி12 கல்லீரலில் சில வருடங்களுக்குக் கையிருப்பு இருக்கும். அதனால் இன்று நிறுத்தினால் நாளை ஒன்றும் தெரியாது. மூன்றாம் வருடமோ நான்காம் வருடமோ கால் எரிச்சலும் மறதியும் வரும்போது யாருக்கும் ஆபரேஷன் ஞாபகத்துக்கு வராது. “வயசாச்சு” என்று விட்டுவிடுவார்கள். நரம்பு ஒருமுறை கெட்டால் முழுதாக மீளும் என்று உறுதி சொல்ல முடியாது.

பி12 தினமும் 350 முதல் 1000 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது மாதம் ஒருமுறை 1000 மைக்ரோகிராம் ஊசி. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்து நாளுக்கு 45 முதல் 60 மி.கி. கால்சியம் 1200 முதல் 1500 மி.கி.; ஒரே தடவையில் 500 அல்லது 600க்கு மேல் உடம்பு ஏற்காது, ஆகவே இரண்டு மூன்றாகப் பிரிக்க வேண்டும். கடையில் கேட்கும்போது கால்சியம் சிட்ரேட் என்று சொல்லிக் கேளுங்கள். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். உங்கள் வயிற்றில் அமிலம் குறைவு. வைட்டமின் டி நாளுக்கு 3000 யூனிட் அளவு. இவை போக ஒரு மல்ட்டிவைட்டமின்.

நேரம் முக்கியம். இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று தடுக்கும். நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள். காபி, டீ இரண்டும் இரும்பை உறிஞ்ச விடாது. காலை டிகாக்‌ஷன் காபியோடு இரும்பு மாத்திரையைப் போடுவது பாதியைக் கொட்டிவிடுவதற்குச் சமம். காலை உணவோடு மல்ட்டிவைட்டமின், பதினொரு மணிக்கும் மாலை ஐந்துக்கும் கால்சியம், படுக்கப்போகும் முன் எலுமிச்சைச் சாற்றோடு இரும்பு என்று வைத்துக்கொண்டால் பிசகாது. வருடம் ஒருமுறை ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், ஆல்புமின் பார்க்க வேண்டும். கல்யாண நாளிலோ பிறந்த நாளிலோ இந்தப் பரிசோதனையை வைத்துக்கொண்டால் மறக்காது.

*மருமகளுக்கு ஆபரேஷன் ஆகி ஆறு மாதம். ஆயா பேரன் பேத்தியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.*
– வாசகி, கண்டனூர்

ஆபரேஷனிலிருந்து 12 முதல் 18 மாதம் பொறுங்கள். எடை வேகமாக இறங்கும் காலத்தில் கரு தங்கினால் பிள்ளைக்குச் சேர வேண்டிய சத்து சேராது. எடை இறங்கும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு தானாகக் கூடும் என்பதால் கருத்தடை அவசியம். பைபாஸ் ஆனவர்கள் அதற்கு மாத்திரையை நம்ப வேண்டாம், காப்பர்-டி போன்றது பாதுகாப்பு. பிறகு கர்ப்பமானால், சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்குக் குளுக்கோஸ் கரைசல் குடிக்கச் சொல்வார்கள். பைபாஸ் ஆனதைச் சொல்லி, வீட்டிலேயே ஒரு வாரம் குளுக்கோமீட்டரில் பார்க்கிறோம் என்று கேளுங்கள்.

*மூன்றாவது வருடம். ஒருவேளைச் சாப்பாடு இன்றும் அரைக் கிண்ணம்தான். ஆனாலும் 9 கிலோ ஏறிவிட்டது. இரைப்பை விரிந்துவிட்டதா?*
– வாசகர், கானாடுகாத்தான்

கொஞ்சம் விரிவது இயல்பு. ஆனால் சாப்பாட்டு அளவு அப்படியே இருந்து எடை ஏறினால், சாப்பாட்டுக்கு இடையில் என்ன போகிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் ஊர் வீடுகளில் பலகார டின் இல்லாத அலமாரி அரிது. ஒரு தேன்குழலை வாயில் போட்டு மெல்லும்போது கவனியுங்கள்: மொறுமொறுப்பு அடங்கியதும் மாவாகக் கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இரண்டு துண்டு கோழியில் நிறையும் வயிறு அரை டின் சீப்புச்சீடையிலும் நிறையாது. அரிசிமாவும் எண்ணெயும் அப்படி. அதோடு ஒரு வாய் காபி குடித்தால் இன்னும் வேகமாக இறங்கும்.

நாள் மூன்று வேளை, தேவைப்பட்டால் ஒரு சிற்றுண்டி, அதுவும் புரதம். டின்னிலிருந்து நேராகக் கை வாய்க்குப் போகக் கூடாது. பலகாரம் வேண்டுமென்றால் தட்டில் இரண்டு வைத்து, உட்கார்ந்து, சாப்பாடு முடிந்த கையோடு. ஒரு வாரம் வாயில் போனதையெல்லாம் எழுதிவைத்துக்கொண்டு உணவியல் நிபுணரைப் பாருங்கள். 9 கிலோவில் வந்துவிட்டால் திருப்பலாம். 25 ஆகும்வரை வெட்கப்பட்டு வராமல் இருப்பவர்களுக்குத்தான் கஷ்டம். எங்களிடம் வர யாரும் கூச்சப்பட வேண்டாம்.

*மூட்டு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடலாமா?*
– வாசகர், குன்றக்குடி

கூடாது, பைபாஸ் ஆனவர் ஒருபோதும் கூடாது. குடல் இணைப்பில் புண் விழுந்து இரத்தம் கசியும், ஓட்டையும் விழலாம். ஐபுபுரூஃபெனும் அப்படியே. பாரசிட்டமால் போடலாம். புகை பிடிப்பவருக்கு இந்தப் புண் இன்னும் சீக்கிரம் வரும்.

*ஸ்லீவ் ஆகி நான்கு மாதம். பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ளலாமா? எடுக்காமல் இருக்க மனம் வரவில்லை.*
– வாசகி, நாட்டரசன்கோட்டை

உங்கள் மனது புரிகிறது. சஷ்டியும் சதயமும் கூடும் அந்த ஒரு நாளுக்காக வெளியூரில் இருப்பவர்களும் சேர்ந்து கூடுகிறார்கள். ஆனால் மாவில் திரியாக வைத்து ஏற்றி, மாவோடு விழுங்கும் அந்த 21 இழை நூல் செரிக்காது. பழைய இரைப்பை அதைத் தள்ளிவிடும். இன்றைய குறுகிய குழாயில் தங்கினால் அதைச் சுற்றி நார் சேர்ந்து கட்டியாகும், பிறகு எண்டோஸ்கோப்பியில் எடுக்க வேண்டிவரும். இழை தரும் பெரியவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிள்ளையார் முன் சுடர் காட்டி அணைத்த பிறகு நூலை உருவிவிட்டு, மாவைச் சுண்டைக்காய் அளவு உருட்டித் தரட்டும். நெய்யும் வெல்லமும் சேர்ந்த மாவு என்பதால் வெறும் வயிற்றில் வேண்டாம். அதற்கு அரைமணி முன்னதாக ஒரு முட்டையோ, சைவமென்றால் கொஞ்சம் பனீரோ சாப்பிட்டிருங்கள். வாயில் கரையும்வரை வைத்திருந்து விழுங்குங்கள்.