எஸ்டோனியக் கிராமத்துப் பேட்டிக்கு யாரை அழைத்துப் போவது?

கேள்வி: சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சோவியத் காலக் கூட்டுப்பண்ணை வாழ்க்கை பற்றி எஸ்டோனிய முதியவர்களைப் பேட்டி காண வேண்டும். எஸ்டோனிய மொழியில் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்ல ஆளை எப்படித் தேடுவது?

பதில்: ஆங்கிலத்தில் சொல்பவர் மட்டும் போதாது. உங்கள் கேள்வியும் எஸ்டோனியத்தில் அந்தப் பாட்டியின் காதில் விழ வேண்டுமே! பேச்சை அங்கேயே வாய்மொழியாக மாற்றிச் சொல்லும் தொழில்முறை உரைபெயர்ப்பாளர்கள் தங்கள் மொழிகளை ஏ, பி, சி என்று பிரித்துச் சொல்வார்கள். ஏ தாய்மொழி. பி, தாய்மொழி இல்லாவிட்டாலும் சரளமாகப் பேசித் தரக்கூடியது. சி, கேட்டுப் புரிந்துகொள்ள மட்டும். எஸ்டோனியம் ‘சி’ என்றிருப்பவர் மாநாட்டுக்குச் சரி, உங்களுக்கு ஆகாது. எஸ்டோனியம் ஏ, ஆங்கிலம் பி என்றிருப்பவரைத் தேடுங்கள்.

எஸ்டோனிய உரைபெயர்ப்பாளர், மொழிபெயர்ப்பாளர் சங்கத்தில் விசாரிக்கலாம். ஆனால் நான் முதலில் எழுதிக் கேட்பது தார்த்து பல்கலைக்கழகத்துக்கும் தாலின் பல்கலைக்கழகத்துக்கும்தான். களப்பணி செய்து பழகிய சமூகவியல், இனவரைவியல் ஆய்வு மாணவர்கள் அங்கே கிடைப்பார்கள். உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரின் முத்திரை ஆவணங்களுக்கானது. பேட்டிக்கு அது பயன்படாது. தென்கிழக்கே வோரு பக்கம் போவதானால், வட்டார மொழியான வோரோ புரியுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

ஆள் கிடைத்ததும் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். ‘ரஹ்வுஸ்’ என்ற சொல்லை எப்படிச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். அது ஒருவரின் இனத்தைக் குறிக்கும். குடியுரிமைக்கு வேறு சொல் உண்டு. தாலினில் பிறந்த ஒருவர் ‘என் ரஹ்வுஸ் ரஷ்யர்’ என்றால், உரைபெயர்ப்பாளர் ‘நேஷனாலிட்டி’ என்று சொல்லிவிட்டுப் போகக்கூடும். உங்கள் குறிப்பேட்டில் அவர் ரஷ்யக் குடிமகன் ஆகிவிடுவார். உண்மையில் அவர் எஸ்டோனியக் குடிமகனாக இருக்கலாம். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவராகவும் இருக்கலாம். ஆய்வின் முடிவையே புரட்டிப்போடும் பிழை இது. கேட்டதும் நிறுத்தி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்குபவரை விடாதீர்கள்.

‘தா’ என்ற சொல்லும் அப்படித்தான். நம் ‘அவர்’ போல ஆணா பெண்ணா என்று அது காட்டாது. ஆங்கிலத்தில் ஏதாவதொன்றைச் சொல்லியாக வேண்டும். ஊகிக்காமல், பேசுபவரிடமே கேட்டுச் சொல்லும்படி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

1949 மார்ச்சில் சில நாட்களுக்குள் 20,000-க்கும் மேற்பட்டோரை எஸ்டோனியாவிலிருந்து சைபீரியாவுக்கு நாடுகடத்தினார்கள். அந்த அச்சத்தில்தான் விவசாயிகள் கூட்டுப்பண்ணைகளில் சேர்ந்தார்கள். இந்தப் பேச்சு எழும்போது உங்களுடன் வருபவரின் குடும்பக் கதையும் கிளறப்படலாம். அதை முதல் நாளே மனம்விட்டுப் பேசிவிடுங்கள். ‘அவர் அழுததாகச் சொல்கிறார்’ என்று சுருக்க வேண்டாம், ‘நான் அழுதேன்’ என்றே சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்விப் பட்டியலை ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். ஒரு நாளில் இரண்டு பேட்டிக்கு மேல் வேண்டாம். களைத்த உரைபெயர்ப்பாளர் சுருக்க ஆரம்பிப்பார். பேசுபவரின் சம்மதத்தோடு எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்து, சில பகுதிகளை எஸ்டோனியம் தெரிந்த வேறொருவரிடம் கொடுத்துச் சரிபாருங்கள். அதற்கான கூலியையும் ஆய்வு நிதியில் இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.